இடுப்பில் ஒரு ரிவால்வர்: உரிமம் யாரிடம் இருக்கிறது?

வன்கொடுமை வழக்கொன்றில் சாட்சியாக இருக்கும் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். சுடுகாட்டுப் பாதைத் தகராறில் அவருடைய தந்தை தாக்கப்பட்ட வழக்கு அது. சாட்சி விசாரணை நெருங்க நெருங்க, மாலையில் பேருந்தைவிட்டு இறங்கி ஊர்த்தெரு வழியாகச் சேரிக்கு நடக்கும் அரை மைல் அவருக்குப் பெரும்பாடாகியிருந்தது. வழக்கு நிலவரத்தை அவர் கேட்கவில்லை. "தோழர், சட்டைக்குள்ள தெரியாம வச்சுக்கிற மாதிரி, எடை குறைஞ்ச ரிவால்வர் எது வாங்கலாம்? லைசென்ஸுக்கு மனு போட்டுத் தருவீங்களா?" என்றுதான் கேட்டார். கைப்பேசியில் நான்கைந்து அமெரிக்கக் காணொளிகளைச் சேமித்து வைத்திருந்தார்.

இக்கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடலாகாது. ஒடுக்கப்பட்டவர் தற்காப்பைப் பற்றிப் பேசினாலே அதனை வன்முறை என்று முத்திரை குத்தும் வழக்கம் நாட்டில் உண்டு. அதே வேளையில், இடுப்பில் ஓர் ஆயுதம் ஏறிவிட்டால் அச்சம் தீர்ந்துவிடும் என்று அந்த இளைஞரை நம்ப வைப்பதும் அவருக்குச் செய்யும் துரோகமே. ஆகவே ஆயுதத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் அவரிடம் விரிவாகப் பேசினோம். அந்த உரையாடலின் சாரத்தை இங்கே பதிவு செய்கிறோம்.

முதலில் ஆயுதம். குழல் சுமார் இரண்டு அங்குலமே உள்ள குறுங்குழல் ரிவால்வர் அமெரிக்கச் சந்தையின் படைப்பு. கோல்ட் நிறுவனம் 1927-இல் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்ற பெயரில் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் ஐந்து தோட்டாக்கள் கொண்ட இன்னும் சிறிய ஒன்றை வெளியிட்டது. அதன்பின் அலுமினியக் கலவையாலான உடலுடன் 'ஏர்வெயிட்' வகைகள் வந்தன. இன்று அவ்வகைத் துப்பாக்கி அரைக் கிலோவுக்கும் குறைவு. பையிலிருந்து உருவும்போது துணியில் சிக்காதிருக்கச் சுத்தியலை உடலுக்குள்ளேயே மறைத்துவிட்ட வகைகளும் உண்டு.

இவற்றுள் எதையும் நம் நாட்டுச் சாதாரணக் குடிமகன் கடையில் வாங்க முடியாது. குடிமக்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியிலிருந்தே பெரும்பாலும் தடுக்கப்பட்டுள்ளது. துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு. உரிமம் பெற்றவர் நடைமுறையில் வாங்குவது .32 அல்லது .22 அளவுள்ள உள்நாட்டு ரிவால்வரையே. கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. டைட்டானியக் கலவை உடல், எடை ஏறத்தாழ 500 கிராம், ஆறு தோட்டாக்கள். 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்ற விளம்பரத்துடன், நகைப்பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்து அது விற்கப்பட்டது. விலை 1,22,360 ரூபாய். அந்த ஆண்டு உத்தரப்பிரதேசத்தில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளொன்றுக்கு 156 ரூபாய். நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்து, அதில் ஒரு காசும் சாப்பாட்டுக்குச் செலவாகாமல் இருந்தால், ஒரு கூலிப்பெண் அதை வாங்க எட்டு ஆண்டுகள் பிடிக்கும். அதே மாநிலத்தின் ஹாத்ரஸ் மாவட்டத்தில் 2020 செப்டம்பரில் புல் அறுக்க வயலுக்குப் போன தலித் பெண் தாக்கப்பட்டு, பதினைந்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். யாரை நினைத்து அந்த நகைப்பெட்டியைச் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை.

விலை ஒருபுறமிருக்க, அதன் இயல்பையும் அறிய வேண்டும். குழல் குறையக் குறையக் குறிபார்க்கும் முனைகளுக்கு இடையிலான தூரமும் குறைகிறது. கையின் சிறு நடுக்கமும் பெரும் பிழையாகிறது. எடை குறைந்தால் சுமக்க எளிது. ஆனால் ஒரே தோட்டாவைச் சுடும்போது கனமான துப்பாக்கியைவிட அது கையில் அதிகமாக உதைக்கும். .32 தோட்டாவின் உதை மிதமானது என்பது உண்மைதான், அதன் ஆற்றலும் அவ்வளவே. விசை நீண்டது, கடினமானது. இழுக்கும்போதே குழல் விலகிவிடும். சுருங்கச் சொன்னால், பார்ப்பதற்குத் தொடக்கநிலையாளருக்கு உரியது போலத் தோன்றும் இந்த ஆயுதம் உண்மையில் நெடுநாள் பயிற்சி உள்ளவருக்கே பயன்படும். பயிற்சிக்குத் தோட்டாவும் சுடுதளமும் வேண்டும். நம் இளைஞரின் ஊரிலிருந்து மிக அருகிலுள்ள சுடுதளம் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம்.

அடுத்து, வன்கொடுமை எப்படி நிகழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் காணொளிகள் கற்பனை செய்யும் எதிரி இருட்டான வாகன நிறுத்தத்தில் தனியாக வரும் அந்நியன். நம்மைத் தாக்குபவர்கள் அந்நியர்கள் அல்லர், தனியாகவும் வருவதில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் பேருந்தை மறித்த ஒரு கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையப் பகுதியில், மக்கள் பார்த்துக்கொண்டிருக்கச் சங்கர் வெட்டப்பட்டார். இரு இடத்திலும் ஆயுதம் அரிவாள்; தாக்குதல் முடிய ஆன நேரம் சில நிமிடங்கள். ஆறு தோட்டாக்கள் அங்கே என்ன செய்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அடுத்த நாள் காவல் நிலையத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை எங்கள் தொழில் அனுபவத்திலிருந்து சொல்ல முடியும். எதிர் வழக்கு. தலித் அடிபட்டாலே எதிர் வழக்குப் பதிவாகும் நாட்டில், தலித் சுட்டால் அது கொலை வழக்காகவே தொடங்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை எல்லோருக்கும் சமமாகவே வழங்குகின்றன. எனினும் அந்த உரிமையைக் கோருபவரே அதனை நிறுவ வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். அதை நிறுவும் நாள்வரை அவர் சிறையில் இருப்பார்.

உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்தால் இன்னொன்றும் விளங்கும். சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழாவுக்கோ, சமய ஊர்வலத்திற்கோ, பொதுக்கூட்டத்திற்கோ, கல்வி நிறுவன வளாகத்திற்கோ ஆயுதத்தை எடுத்துச் செல்லக் கூடாது. பொது அமைதிக்கு இது தேவையான நிபந்தனை; நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் தலித் இளைஞர் ஒருவர் தாக்கப்படும் இடங்களைப் பட்டியலிட்டால் தேர் வீதியும், கூட்டத் திடலும், கல்லூரி வாசலும்தானே முதலில் வருகின்றன?

இவ்வளவையும் கேட்ட பிறகு அந்த இளைஞர், "அப்ப எங்களுக்குத் துப்பாக்கி வேணாம்னு சொல்றீங்க. அவங்க வீட்ல மட்டும் இருக்கலாமா?" என்றார். அவருடைய ஊரில், வழக்கின் முதல் எதிரியின் அண்ணன் வீட்டில், உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. பயிரைக் காக்க என்று வாங்கியது. கோயில் திருவிழாவின்போது திண்ணையில் அமர்ந்து அதைத் துடைப்பது அந்த வீட்டின் வழக்கமாம். வெடிக்காமலேயே ஒரு துப்பாக்கி வேலை செய்யும் விதம் இது.

விவாதம் தொடங்க வேண்டிய இடமும் இதுவே. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நீண்ட குழல் துப்பாக்கிக்கு ஒரு வாசலும் கைத்துப்பாக்கிக்கு வேறொரு வாசலும் வைத்திருக்கிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்திற்குக் குறையாத குழலுள்ள துப்பாக்கி கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதவிடத்து உரிமம் வழங்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. ரிவால்வர் கேட்பவரோ தகுந்த காரணம் உண்டு என்று அதிகாரியை நிறைவுபடுத்த வேண்டும். போதிய சொத்து இல்லை என்ற ஒன்றை மட்டுமே காரணம் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14(2) வெளிப்படையாகச் சொல்கிறது. சட்டம் இயற்றியவர்களே இப்படி எழுத நேர்ந்ததிலிருந்து, அதற்கு முன்பு துப்பாக்கி யார் வீட்டுச் சுவரில் தொங்கியது என்று ஊகிக்கலாம். உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் உரிமங்கள் இருந்தன. அதில் 12.77 லட்சம் உத்தரப்பிரதேசத்தில், தமிழ்நாட்டில் 22,532. சாதிவாரியாக இக்கணக்கை வெளியிட வேண்டும் என்பது நமது கோரிக்கைகளுள் ஒன்றாக வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-இன் மூன்றாம் விதியைப் பலர் இழப்பீட்டு அட்டவணைக்குப் போகும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். வன்கொடுமை நிகழும் வாய்ப்புள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்று அது தொடங்குகிறது. அடுத்து, அப்பகுதியில் தேவையெனக் கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் வைக்கலாம். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும். பிறகு சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதன் பின்னரே, பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையெனக் கருதினால் அவர்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். எதிரியின் ஆயுதத்தை எடுப்பது முன்னால் வருகிறது. நமக்கு ஆயுதம் தருவது பின்னால் வருகிறது. பொதுவெளியில் இவ்விதி பேசப்படும் அரிதான தருணங்களிலும் பின்னது மட்டுமே தலைப்புச் செய்தியாகிறது, 'தலித்துகளுக்குத் துப்பாக்கியா?' என்று தொலைக்காட்சிகள் பதறுகின்றன. முன்னதைக் கேட்டால் நிர்வாகச் சிரமம் என்கிறார்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஆட்சியர்கள் உத்தரவிடுகிறார்களே, அப்போது மட்டும் சிரமம் எங்கே போகிறது? வாக்குப்பெட்டிக்காகச் செய்ய முடிந்ததைச் சேரிக்காகச் செய்ய மனம்தான் வேண்டும்.

அதிகாரியின் விருப்பத்தில் தொங்கும் உரிமம் எங்கும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. அந்தக் காணொளிகளின் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1956 ஜனவரி 30 அன்று மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அறவழிப் போராட்டத்தின் அடையாளமான அவரும் அதன்பின் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். நியூயார்க்கில் அதிகாரியின் விருப்புரிமையில் இயங்கிய உரிமச் சட்டத்தை 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, அதை எதிர்த்தவர்களுள் கறுப்பின ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்குரைஞர்களும் இருந்தனர். அனுமதி கிடைத்தால் மட்டும் போதுமா? 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின ஊழியர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவராகவே காவலரிடம் சொன்னார். உரிமம் பெற்றவர் அவர். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட காவலர் பின்னர் விடுவிக்கப்பட்டார். ஒரே பொருள் ஒருவர் இடுப்பில் கௌரவமாகவும் இன்னொருவர் இடுப்பில் குற்றமாகவும் பார்க்கப்படுகிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? உரிமம் கேட்பதே தவறு என்று நாங்கள் கருதவில்லை. தொடர் மிரட்டலுக்கு உள்ளான சாட்சியோ, ஊராட்சித் தலைவரோ விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பத்தில் மூன்றாம் விதியைக் குறிப்பிட்டே எழுத வேண்டும். மறுத்தால் எழுத்துபூர்வமான காரணத்தை 14(3)-இன் கீழ் கேட்டு வாங்கி, 18-ஆம் பிரிவின்படி உரிய காலத்திற்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். எதிர் வழக்கு நிலுவையில் இருப்பதைக் காவல்துறை அறிக்கை காரணம் காட்டுமானால், அந்த எதிர் வழக்கு எந்தத் தேதியில், யாருடைய புகாருக்குப் பின்னர் பதிவானது என்பதை மேல்முறையீட்டில் முதல் பத்தியிலேயே வைக்க வேண்டும். துப்பாக்கி கிடைக்காவிட்டாலும், அந்தக் கோப்பு முழுவதும் மிரட்டலுக்கான ஆவணச் சான்றாக மாறும்.

ஆனால் அதே நாளில் இன்னொரு மனுவும் போக வேண்டும். எதிரிகள், அவர்களுடைய உறவினர்கள் வீடுகளில் உள்ள ஆயுத உரிமங்களை மூன்றாம் விதியின் கீழ் ரத்து செய்யக் கோரும் மனு. பொது அமைதிக்காக உரிமத்தை நிறுத்திவைக்க ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் இடம் தருகிறது. சாட்சிப் பாதுகாப்பைச் சிறப்பு நீதிமன்றத்தில் 15-ஏ பிரிவின் கீழ் கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆயுத உரிமப் பட்டியலை அக்கூட்டத்தின் பொருளாகச் சேர்க்கக் கோரலாம். கல்லூரித் தோழர்கள் தத்தம் மாவட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு கேள்வி மட்டும் கேட்டுப் பார்க்கட்டும்: 1995 முதல் இன்றுவரை மூன்றாம் விதியின் கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாயின? எத்தனை வழங்கப்பட்டன?

அந்த இளைஞர் இரண்டு மனுவிலும் கையொப்பமிட்டார். ரிவால்வர் கேட்ட மனுவுக்குப் பத்து நாளில் காவலர் விசாரணைக்கு வந்துவிட்டார்; தகப்பனாரின் நில விவரம் முதல் அவர் எந்த அமைப்பில் இருக்கிறார் என்பதுவரை கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். இரட்டைக்குழல் துப்பாக்கி பற்றிய மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்திருக்கிறது. சாட்சிக் கூண்டில் அவர் ஏற வேண்டிய நாள் அடுத்த மாதம். அன்று மாலை அவர் திரும்பும் பேருந்தில் எங்கள் அலுவலகத்திலிருந்து இருவர் உடன் செல்வதாக முடிவு செய்திருக்கிறோம்.