பாறையின் வரிகள்

கொடும்பாளூர் மூவர் கோயில் எழுந்து ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. அவ்வட்டாரத்துக் கற்பாறைகளுக்கோ 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலென்பர் நிலவியலார். உற்று நோக்குங்கள், வாசகரே! வெண்மை, இளஞ்சிவப்பு, கருமை எனப் பட்டைகள் ஓடும். பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பிசைந்த தடங்கள் அவை.

மலைகளில் இத்தகைய பலநிற வரிகளைத் திருமறையின் ஃபாத்திர் அத்தியாயம் 27ஆம் வசனம் சுட்டுகிறது. அல்லாஹ்வை அஞ்சுவோர் அறிவுடையோரே என்பது அடுத்த வசனத்தின் கருத்து. இரண்டையும் சேர்த்தே ஓதுகிறோம். சேர்த்துச் சிந்திப்போர் சிலரே.

“நிலவியல் படித்தால் பையனின் ஈமான் கெட்டுவிடாதா?” என வினவும் பெற்றோர் உளர். ஆறு நாள்களில் படைப்பு என்பதை நம் கடிகார நாளாகக் கொள்ள வேண்டியதில்லை; இறைவனிடத்து ஒரு நாள் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டு போன்றதென ஹஜ் அத்தியாயம் (22:47) உணர்த்துகிறது. அதற்காகத் திருமறையை நிலவியல் பாடநூலாக்கி மேடையில் முழங்குவதும் எனக்கு உடன்பாடன்று. ஆய்வாளர் கணக்கு நாளை திருத்தப்படலாம். பையனைத் தயங்காது கல்லூரியில் சேருங்கள், ஃபஜ்ருக்கும் எழுப்பிவிடுங்கள்.