மெக்கானிக்குக்கு ஒன்றும் ஆகலையே!

"அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக் எல்லாம் கரண்டோட விளையாடினாங்க... அவங்களுக்கு என்ன ஆச்சு?" வால்வு ரேடியோவைப் பிரிக்க உட்காரும் புதியவர்களிடம் சொல்லப்படும் வசனம் இது. இதைவிட மோசமான அறிவுரை கிடையாது. பிழைத்தவர் மட்டும்தானே கதை சொல்ல வருகிறார்? போனவர் எங்கே வந்து சொல்வார்?

கடையம், தென்காசிப் பக்கம் இலங்கை வானொலியும், 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியும் கேட்ட பெட்டிகளில் சில இன்னும் பரணில் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றை மறுபடி பாட வைப்பது நல்ல ஆசைதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது?

ஏசி/டிசி வகை செட்டில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. கரண்டின் ஒரு வயர் நேராகச் சேசிஸுக்குப் போகும். பழைய இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். சில செட்டுகளில் ரேடியோவின் ஸ்விட்சை அணைத்தாலும் அது போகாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். மரப்பெட்டியும் பின்மூடியும்தான் அங்கே பாதுகாப்பு. அதைக் கழற்றிவிட்டு, செல்போன் பாட்டு வரட்டும் என்று வயர் இழுக்கிறார்கள். கரண்டுக்கும் கைக்கும் நடுவில் இப்போது ஒரு போன்!

டிரான்ஸ்பார்மர் வைத்த செட் என்றால் சாதுவா? அதில் 250, 300 வோல்ட் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். 47 மைக்ரோஃபாரட், 300 வோல்ட் என்றால் சுமார் 2 ஜூல்.

"வீட்டுல ஈஎல்சிபி இருக்கே?" இருக்கட்டும். டிரான்ஸ்பார்மரைத் தாண்டிய பக்கத்தில் உடம்பு வழியாக ஓடும் கரண்ட் அதன் கண்ணில் படாது. "சீரியல் பல்பு போட்டாச்சே?" 60 வாட் பல்பு கால் ஆம்பியர் வரை விடும். உயிரைக் காக்கும் ஈஎல்சிபியோ 30 மில்லிஆம்பியருக்குள் துண்டிக்க வேண்டியது. பல்பு காப்பாற்றுவது ரேடியோவை, ஆளை அல்ல.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஏசி/டிசி செட்டை ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் திறந்து ஓட்டவே கூடாது. ஃபில்டர் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால், பிளக்கைப் பிடுங்கிய ஒரு நிமிடத்தில் மிச்ச வோல்டேஜ் இறங்கிவிடும். அதையும் நம்பாமல் மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஓடும்போது அளந்தால் ஒரே கை. குற்றாலச் சாரல் காலத்து ஈரத் தரையில் வெறுங்காலோடு வேலையே வேண்டாம். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

முதல் வால்வு செட்டுக்கு 300 வோல்ட் தேவையும் இல்லை. 9 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்தால் 27 வோல்ட். பொருத்தமான பேட்டரி வால்வு ஒன்றே அதில் ஹெட்போனில் நிலையம் பிடித்துத் தரும். பாடம் அதே பாடம்தான், ஆபத்து பத்தில் ஒன்றுகூட இல்லை.

இப்படியெல்லாம் பயமுறுத்தினால் ஆர்வம் போய்விடுமாம்! மீட்டர் வைத்துப் பார்க்கும் அரை நிமிடத்தில் போகிற ஆர்வம் போகட்டுமே... ஆள் இருந்தால் ஆர்வம் திரும்பி வரும்.