விலையைக் குறைத்துவிட்டுத் தரம் கேட்பதா?

இங்கிலாந்தில் முதியோரையும் உடல் இயலாதோரையும் பராமரிக்கும் பொறுப்பு, அந்தந்த வட்டாரத்துக் கவுன்சில்களுடையது. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கவுன்சில் தன் சொந்த ஆட்களை வைத்து இவ்வேலையைச் செய்வது குறைந்துவிட்டது. டெண்டர் கேட்டு, மணிக்கு இவ்வளவு என்று விலை பேசி, தனியார் கம்பெனிகளிடம் விட்டுவிடுவதே பெருவழக்கு.

அந்த விலை பேசும் மேசையிலேயே தரத்தின் தலைவிதி பாதி எழுதப்பட்டு விடுகிறது என்பது நமது கருத்து.

வீடு வீடாகப் போகும் பராமரிப்புத் தொழிலாளியின் பாட்டைப் பாருங்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டி, மருந்து கொடுக்க வேண்டும். இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிய கவுன்சில்களும் உண்டு! உடலைத் தொட்டுச் செய்யும் பணிகளுக்கு அது தகாது என்று அரசாங்கத்தின் வழிகாட்டிக் குறிப்பே கூறுகிறது. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேர வேண்டும் என்பது சட்டம். ஆயினும் அந்த நேரத்துக்குச் சம்பளம் தராத கம்பெனிகள் பல. கவுன்சில் விலையைக் குறைத்தால் கம்பெனி கைவைக்கும் முதல் இடம் இதுதான். தொழிலாளி ஓடுகிறாள், கிழவரின் தேநீர் ஆறிப்போகிறது.

தோட்டத்துக்குக் காண்ட்ராக்ட் ஆட்களைக் கொண்டுவந்து, "சம்பளம் காண்ட்ராக்டர் பாடு" என்று கைகழுவும் நிர்வாகத்தை அறிந்த நமக்கு இந்தக் கதை புதிதா?

2011இல் சதர்ன் கிராஸ் என்ற கம்பெனி கவிழ்ந்தது. சுமார் 750 இல்லங்கள், 31,000 முதியோர். கட்டடங்களை விற்றுவிட்டு, அவற்றையே ஏறிக்கொண்டு போகும் வாடகைக்கு எடுத்து நடத்தியது அக்கம்பெனி. கவுன்சில்கள் அனுப்பும் ஆட்களும் கொடுக்கும் தொகையும் இறுகியபோது, வாடகை கட்ட முடியவில்லை. லாபத்தை எடுத்துக்கொண்டவர்கள் முன்பே போய்விட்டார்கள்.

இல்லங்களையும் கம்பெனிகளையும் பார்வையிட 2009 முதல் பராமரிப்புத் தர ஆணையம் இருக்கிறது. விலை வைத்த கவுன்சிலைப் பார்வையிட யார் இருந்தார்கள்? 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2023 முதல்தான் 153 கவுன்சில்களையும் மதிப்பிடும் பொறுப்பு அந்த ஆணையத்திடம் சேர்ந்தது. தாமதமானாலும் வரவேற்கிறோம். ஆனால் 2024இல் நடந்த விசாரணை ஆணையத்தின் குறைகளையே அம்பலப்படுத்தியது: அது பார்வையிட வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒருபோதும் மதிப்பீடே வழங்கப்படவில்லையாம்.

யூனிசன் தொழிற்சங்கம் 2012இலேயே ஒரு சாசனம் வகுத்தது. நியாயமான சம்பளம் வேண்டும், பயண நேரத்துக்குக் கூலி வேண்டும், பதினைந்து நிமிட வருகை வழக்கமாகக் கூடாது என்றது. லண்டனில் சதர்க், இஸ்லிங்டன் போன்ற கவுன்சில்கள் அதை ஏற்றுக் கையெழுத்திட்டன. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மற்றக் கவுன்சில்கள் ஏன் தயங்குகின்றன? மத்திய அரசாங்கம் பணத்தைக் குறைத்தது என்பார்கள். அது உண்மையே. அதற்காகத் தொழிலாளியின் சட்டைப்பையில் கைவிடுவது எந்த நியாயம்?

மதிப்பிட வரும் அதிகாரிகள் கவுன்சிலின் அறிக்கையைப் படிப்பதோடு நிற்க வேண்டாம். கவுன்சில் கொடுத்த விலை எவ்வளவு, அதில் தொழிலாளி கைக்கு வந்தது எவ்வளவு என்று, காண்ட்ராக்டையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கட்டும்.