எல்லோரும் என்றால் யார்?

ஒரு கருத்தரங்கு. வரவேற்புரை என்னுடையது. வரவேற்புரையும் நன்றியுரையும் எப்போதும் எங்களுடையவைதான். சிறப்புரைக்கு வந்திருந்த மூத்த பேராசிரியர் தமிழின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் சொன்னார்: "நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு. 'நல்ல' மாறவே இல்லை, பாருங்கள். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெயரடைக்கும் பால் உண்டு. நம்முடையது இயல்பிலேயே சமத்துவ மொழி." அரங்கம் கைதட்டியது. பின்வரிசை மாணவிகளும் கைதட்டினார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயரடையை வைத்துச் சமத்துவத்தை அளப்பதென்றால் ஐஸ்லாந்து பெண்கள் வாழத் தகாத நாடாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஐஸ்லாந்திய மொழி பேசத் தெரியாது; இலக்கணம் படித்திருக்கிறேன். அங்கே 'நல்ல' என்பது ஆண்பாலுக்குக் கோவ்துர், பெண்பாலுக்குக் கோவ்த், மூன்றாம் பாலுக்குக் கொஹ்த். (தமிழ் எழுத்தில் இவ்வளவுதான் நெருங்க முடிகிறது.) பால் 3, வேற்றுமை 4, எண் 2. ஆக ஒரு பெயரடைக்கு 24 கட்டங்கள். சில கட்டங்களில் ஒரே வடிவம் திரும்ப வரும் என்றாலும் கட்டம் கட்டம்தான். இது 'ஒரு நல்ல பெண்' என்று பொதுவாகச் சொல்வதற்கு. 'அந்த நல்ல பெண்' என்று சுட்டினால் விகுதி வரிசையே வேறு. அந்த இரண்டாம் வரிசையில் எனக்குப் பிடித்த ஒரு மூலை உண்டு. பன்மைக்கு வந்ததும் பாலும் வேற்றுமையும் உதிர்ந்து எல்லாக் கட்டத்திலும் 'கோவ்து' என்ற ஒரே வடிவம் நிற்கிறது.

பெயரடையோடு முடியவில்லை. 'இந்த', 'என்', 'எல்லா' எல்லாம் பாலுக்கேற்ப வளைகின்றன. அப்பா என்றால் பப்பி மின். அம்மா என்றால் மம்மா மீன். ஒன்று முதல் நான்கு வரையிலான எண்ணுப்பெயர்களுக்கும் பால் உண்டு. ஐந்திலிருந்துதான் விடுதலை.

இப்படிப்பட்ட மொழியைப் பேசும் பெண்கள் 1975 அக்டோபர் 24 அன்று அலுவலகத்தையும் அடுப்பையும் ஒருசேர விட்டு வெளியே வந்தார்கள். ஏறத்தாழ 90 விழுக்காட்டுப் பெண்கள். நாடு நின்றது. ஐந்தாண்டுகள் கழித்து, 1980இல், விக்திஸ் ஃபின்போகாதோட்டிர் குடியரசுத் தலைவரானார். மக்கள் வாக்கால் அந்தப் பதவிக்கு வந்த உலகின் முதல் பெண். உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிப் பட்டியலில் 2009 முதல் தொடர்ந்து ஐஸ்லாந்துக்குத்தான் முதலிடம். 'நல்ல' மாறாத நாம் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறோம் என்று பேராசிரியரே தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் இலக்கணத்துக்கும் வாழ்வுக்கும் தொடர்பே இல்லை என்று அடுத்த கட்சி கிளம்பும். அதுவும் பொய். ஐஸ்லாந்தின் அரசமைப்புச் சட்டம் 65ஆம் பிரிவைப் பாருங்கள். 1995இல் சேர்த்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று தொடங்குகிறது. அந்த 'எல்லோரும்' அட்லிர், 'சமம்' யப்னிர். இரண்டும் ஆண்பால் பன்மை. சமத்துவத்தை அறிவிக்கும் பெயரடையே ஆண்பால் விகுதியோடு நிற்கிறது. அதே பிரிவு, அடுத்த பத்தியில், பெண்களுக்கும் ஆண்களுக்கும் எல்லா வகையிலும் சம உரிமை என்று தனியாக ஒருமுறை சொல்கிறது. முதல் 'எல்லோரும்' போதுமானதாக இருந்திருந்தால் அந்த இரண்டாம் பத்தி எதற்கு?

'ஆண்பால்தான் பொதுப்பால், அது வெறும் இலக்கணம், உடலோடு குழப்பாதே' என்பார்கள். உலகெங்கும் இலக்கண ஆசிரியர்களின் பழகிய பதில் இது. நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐஸ்லாந்திய மொழி இந்தப் பதிலைத் தானே மறுக்கிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து வந்தால் அவர்களைக் குறிக்கும் 'அவர்கள்' ஆண்பால் அல்ல, மூன்றாம் பால். அவர்கள் களைத்திருந்தால் அந்தக் 'களைத்த'வும் மூன்றாம் பால் பன்மை. இது நேற்றைய பெண்ணியவாதிகள் புகுத்தியதும் அல்ல. சாகா என்னும் பழங்கதைகள் ஏட்டிலேறிய 13ஆம் நூற்றாண்டிலேயே இதுதான் விதி. இந்தப் பாலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் க்வோருக்கின். 'இரண்டில் எதுவும் அல்லாத பால்' என்று பொருள். எதுவும் அல்லாத அந்தப் பால்தான் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொள்கிறது. தெருவில் போகும் கணவன் மனைவியைப் பற்றிப் பேசினால் மூன்றாம் பால். கூட்டத்துக்கு ஊரையே அழைத்தால் ஆண்பால். ஆண்பால் அவ்வளவு பொதுவானதென்றால் அந்தக் கணவன் மனைவிக்கு அது ஏன் போதவில்லை?

இதைத்தான் இன்றைய ஐஸ்லாந்துப் பெண்கள் கேட்கிறார்கள். 'அட்லிர் வெல்கொம்னிர்' என்று ஆண்பாலில் எழுதிவந்த 'அனைவரும் வருக' இப்போது பல இடங்களில் 'ஓட்ல் வெல்கொமின்' என்று மூன்றாம் பாலில் வருகிறது. செய்தி வாசிப்பவர்களும் அப்படிச் சொல்லத் தொடங்கியதும் மொழி அழிகிறது என்று கூக்குரல் எழுந்தது. எதிர்ப்பவர்கள் எல்லோரும் மூடர்கள் அல்லர். மூன்றாம் பால் பன்மை தெரிந்த சிலரைக் குறிக்கும், தெரியாத பலரைக் குறிக்க ஆண்பாலே மரபு என்கிறார்கள். பாதிப் பேர் மாற்றிவிட்டால் மீதிப் பேர் சொல்லும் 'அட்லிர்' ஆண்களை மட்டும் குறிப்பதாகிவிடும் என்றும் அஞ்சுகிறார்கள். யோசிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் அதன் அடியில் இருப்பது என்ன? இதுவரை பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத் தங்களையும் சேர்த்துக்கொண்டார்களாம், இனியும் அப்படியே சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். அந்தக் கூடுதல் வேலை யாருடையது என்பதை மட்டும் இலக்கணம் சொல்வதில்லை.

பெயர்ச்சொற்களின் பிடி இன்னும் இறுக்கம். குடியரசுத் தலைவரைக் குறிக்கும் ஃபோர்செத்தி ஆண்பால் சொல். ஆகவே பதினாறு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்த விக்திஸை 'நல்ல தலைவர்' என்று புகழ வேண்டுமென்றால் 'கோவ்துர்' என்ற ஆண்பால் பெயரடையைத்தான் சூட்ட வேண்டும். மாதுர் என்றால் மனிதர். மாதுர் என்றால் ஆணும்தான். பெண்களும் மாதுர்தானே என்பது அங்கே ஆறுதல் போலச் சொல்லப்படும் பழைய வாசகம். இந்த ஆறுதல் நமக்குப் புதிதா? மனிதன், குடிமகன், வாசகன். இவற்றில் நாமும் அடக்கம் என்றுதானே பள்ளியிலிருந்து சொல்லித்தந்தார்கள்.

பேராசிரியரின் 'நல்ல' மாறவில்லை, உண்மை. அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை, அவ்வளவுதான். தமிழில் பால் வினைமுற்றில் காத்திருக்கிறது. 'என் வீட்டுக்காரர் வந்தார்.' 'என் மனைவி வந்தாள்.' இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே மாலையில் கேட்கலாம். பலர்பாலில் ஆண் பெண் பிரிக்காத மொழி நம்முடையது. ஐஸ்லாந்துக்காரர்கள் போராடிப் பெற முயல்வது நம் 'அர்' விகுதியில் தொல்காப்பியக் காலத்திலிருந்தே இருக்கிறது. அந்த 'அர்' யாருக்கு என்பதில்தான் வீடும் சாதியும் சம்பளமும் உள்ளே நுழைகின்றன. பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளுக்கு எத்தனை வீடுகளில் 'வந்தார்'?

இலக்கணம் கைவசம் இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் வேறு வேறு. ஐஸ்லாந்தின் மூன்றாம் பால் எண்ணூறு ஆண்டுகளாக ஏட்டில் இருந்தும் கூட்ட அழைப்பிதழுக்கு வர இவ்வளவு காலமாயிற்று. இடையில் ஒரு நாள் அடுப்பை அணைக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 24 அன்று, பிரதமரே உடன் சேர, மீண்டும் ஒருமுறை அணைத்தார்கள்.

மாணவிகளுக்கு ஒரு சிறு செய்தி மிச்சம் இருக்கிறது. அந்த 24 கட்டங்களில், எழுவாய் வேற்றுமையில், பெண்பால் ஒருமையும் மூன்றாம் பால் பன்மையும் பெரும்பாலும் ஒரே வடிவம். தனியாக வரும் ஒரு பெண்ணை வரவேற்கவும் 'வெல்கொமின்'தான்; ஆணும் பெண்ணுமாகத் திரண்டு வரும் ஊரை வரவேற்கவும் 'வெல்கொமின்'தான். தனியாக வரும் ஆணுக்கு மட்டும் கடைசியில் இன்னொரு 'ன்' சேர்த்து எழுத வேண்டும்.