பொடி எழுத்தில் வந்த அழைப்பு

பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்ட கட்டுகளில் அந்த அறிவிப்பு எத்தனை முறை போயிருக்குமோ. ‘பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்’ என்று பொடி எழுத்தில் அச்சான ஒரு கட்டம். அதைத் தாண்டித்தான் நானும் விளையாட்டுப் பக்கத்துக்குப் போவேன். அனல்மின் நிலையம் எண்ணூரில் வருகிறது, எண்ணூர்க்காரர்கள் பேசிக்கொள்ளட்டும் என்றிருந்தோம், சென்னையின் மற்ற பக்கங்களில் குடியிருக்கும் நாம்.

மே மாத ராத்திரியில் அரை மணி நேரம் கரன்ட் போனால் மட்டும் மின்வாரியத்துக்கு மாறி மாறி போன் அடிப்போம். அது வருகிற வழியை விசாரித்ததில்லை. நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் உடைந்து கசிந்தபோதெல்லாம் அந்தச் சேறு கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் விரல்களுக்குச் சாம்பல்தான் அகப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் இதைச் சொன்னார்கள். “எதையும் வரவிடமாட்டார்கள் போல” என்று நம் வீட்டுக் கூடங்களில் பேசிக்கொண்டோம். நானும் சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை மிகவும் தாமதமாகத்தான் படித்தேன். கூட்டத்துக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம், உள்ளூர் மொழியில் அறிக்கையின் சுருக்கம், வீடியோ பதிவு எல்லாம் அதில் இருக்கின்றன. என்னை உறுத்தியது வேறொரு பகுதி. திட்டத்தால் சூழலுக்கு நேரப்போவதில் நியாயமான அக்கறை உள்ள வெளியாரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். நமக்கும் இடம் வைத்திருந்தார்கள். ஒரு தாள், ஓர் உறை, ஒரு தபால்தலை. நாம் அனுப்பவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். லிஃப்ட் பழுதுக்கு மணிக்கணக்கில் கூடிப் பேச நேரம் இருந்தது.

சென்ற வாரம் எங்கள் அடுக்ககத்தில் நான்கு பேர் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒரு புதிய திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்தோம். பாதி புரியவில்லை, புரியாததையே கேள்விகளாக்கினோம். ‘நாங்கள் இந்த மின்சாரத்தைப் பயன்படுத்துகிறவர்கள்’ என்று கடிதம் தொடங்குகிறது. சாம்பல் எங்கே போகும் என்பது இரண்டாவது வரி. கூட்டத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.