மெதுவாகப் போகும் தோட்டா

துப்பாக்கி என்றாலே நம் ஊரில் சினிமா துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். பெரிய சத்தம், பெரிய புகை, சுட்டால் எதிரில் இருப்பவன் பத்தடி தள்ளிப் போய் விழ வேண்டும். ஆனால் காகித இலக்கைச் சுடும் விளையாட்டு வீரனுக்கு இது எதுவுமே தேவையில்லை. அவனுக்கு வேண்டியது நேர்மாறான ஒன்று: மெதுவாகப் போகிற, அதிகம் உதைக்காத தோட்டா.

எண்ணூர் கடற்கரையில் உள்ள நெட்டுக்குப்பத்தில் இருந்து தெற்கே வந்தால் திருவொற்றியூர். 1950களில் அங்கே வந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையை வடசென்னையில் தெரியாதவர் கிடையாது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த சைக்கிள் கம்பெனி, அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. "துப்பாக்கி போலச் செய்யப்பட்டது" என்று விளம்பரமும் செய்தது.

அதே ஊர்ப் பெயரைத் தாங்கிய லீ-என்ஃபீல்டு ரைஃபிளை என்.சி.சி.யில் இருந்த பலர் கையில் பிடித்திருப்பார்கள். ஆனால் அவர்கள் சுட்டது போர்க்களத்தின் .303 தோட்டாவை அல்ல, சின்னஞ்சிறு .22 தோட்டாவை. ரைஃபிளின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, சிறிய தோட்டாவுக்கு ஏற்றபடி குழலை மாற்றியிருந்தார்கள். செலவு குறைவு, தோளில் உதை இல்லை, 25 மீட்டர் இடம் போதும். சுடக் கற்றுக்கொள்ள சக்தி தேவையில்லை என்பது ராணுவத்துக்கே அன்றே தெரிந்திருக்கிறது.

கைத்துப்பாக்கியில் இந்த யோசனை இன்னும் விசித்திரமான வடிவம் எடுத்தது. அதன் பெயர் வாட்கட்டர். சாதாரணத் தோட்டாவில் ஈயக் குண்டின் மூக்கு கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாட்கட்டரில் குண்டு தட்டையான உருளை. அதைப் பித்தளைக் கூட்டுக்குள் விளிம்பு வரை முழுதாக அமுக்கி விடுவார்கள். பார்த்தால் குண்டே இல்லாத காலிக்கூடு போல இருக்கும்!

ஏன் இப்படி? முதல் காரணம், தட்டை முனை காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற சண்டை குறையும். இரண்டாவது காரணம் கூட்டின் அளவு. .38 ஸ்பெஷல் தோட்டா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிறைய இடம் பிடிக்கும் கரிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. பிறகு வந்த புகையில்லா மருந்து கொஞ்சம் போட்டாலே போதும், மீதி இடம் காலி. குண்டை ஆழமாக இறக்கினால் அந்தக் காலியிடம் குறைந்து, மருந்து ஒரே சீராக எரியும். இந்தத் தோட்டா மட்டுமே போகிற மாதிரி ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1961இல் மாடல் 52 என்ற பிஸ்டலையே கொண்டு வந்தது.

அமெரிக்காவில் பலர் இத்தகைய தோட்டாக்களை வீட்டு மேசையிலேயே தயாரிக்கிறார்கள். தன் துப்பாக்கிக்குப் பொருந்துகிற மாதிரி செய்துகொள்ளலாம், செலவும் குறையும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் இந்தியாவிலும் விளையாட்டு வீரர்களுக்கு இதை ஏன் எளிதாக்கக் கூடாது என்ற கேள்வி வரும்.

எளிதாக்கக் கூடாது என்பதே சரியான பதில். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள், "சக்தி குறைவு, அதனால் ஆபத்தும் குறைவு" என்ற நினைப்பே தவறு. பெரிய கூட்டில் சிறிதளவு மருந்து போடும்போது, தவறி இரண்டு முறை போட்டாலும் கூடு நிரம்பி வழியாது, கண்ணுக்கும் தெரியாது. குண்டு அளவுக்கு மீறி ஆழமாக இறங்கினால் அழுத்தம் ஏறும். மருந்து போதவில்லை என்றால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும், அடுத்த குண்டு வரும்போது குழல் பிளக்கும். இங்கே "கொஞ்சம்தானே" என்ற அலட்சியத்துக்கு விலை விரல்களும் கண்களும்.

இன்னொரு விஷயம். ஒலிம்பிக்கில் பிஸ்டல் போட்டிகள் .22க்கும் ஏர் பிஸ்டலுக்கும் மட்டும்தான். .22 தோட்டாவின் பற்றுமருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், ஒருமுறை சுட்ட கூட்டை வழக்கமான முறையில் மறுபடி நிரப்ப முடியாது. வாட்கட்டர் பயன்படுவது சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்த அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இல்லை. ஆக, ஒலிம்பிக் கனவு காணும் பிள்ளைக்கு வீட்டில் தோட்டா செய்யும் வித்தையால் பயன் இல்லை.

அந்தப் பிள்ளைக்குத் தேவையானது வேறு. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அதில் வெடிமருந்தே கிடையாது, காற்று மட்டும்தான். 10 புள்ளி வட்டமோ வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி! அந்தப் போட்டியின் 4.5 மி.மீ. பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் முனையும் தட்டைதான். வாட்கட்டர் தந்த சுத்தமான ஓட்டையும் குறைந்த உதையும் மருந்தே இல்லாமல் கிடைத்துவிட்டன.

ஆனால் போட்டிக்குரிய ஏர் ரைஃபிளின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டால் அது முடியாது, ஒரு பள்ளியால் முடியும். பத்து மீட்டர் நீளமுள்ள ஓர் அறை, பின்னால் உறுதியான தடுப்பு, பொறுப்பான பயிற்சியாளர், பொதுவாகப் பயன்படுத்த நான்கு ரைஃபிள். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பகுதிப் பள்ளிகளில் ஒன்றிரண்டில் இதைச் செய்தால் போதும். அலை மேல் ஆடும் படகில் நிலையாக நிற்கப் பழகிய ஊர் அது. அசையாத தரையில் நின்று குறி பார்க்க அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்?