பனிமலையில் பதிந்த கால்கள், பத்திரத்தில் விடுபட்ட பெயர்கள்



2018 பிப்ரவரி 9. தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் குளிர்கால ஒலிம்பிக் திறப்பு விழா. ஸ்கேட்டிங் வீரர் ஜூலியன் யீ நம் நாட்டுக் கொடியைப் பிடித்து நடந்தார். மலேசியா குளிர்கால ஒலிம்பிக்கில் கால் வைத்தது அதுவே முதல் முறை. மறுநாள் சுங்கை பட்டாணியில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் தொலைக்காட்சியைக் காட்டிக் கேட்டார்: "லாயர் தம்பி, நமக்கு ஐஸ் கச்சாங் தெரியும், மீன் பெட்டியில போடுற ஐஸ் தெரியும். இந்த ஐஸ்ல நமக்கு என்னய்யா வேலை?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பனி விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அது நம் கதையைப் போலவே இருந்தது.

முதல் விழாவிலேயே சுமைதூக்கிகள்

முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924-இல் பிரான்சு நாட்டின் சாமோனி ஊரில் நடந்தது. 16 நாடுகள், 250-க்கும் மேற்பட்ட வீரர்கள். நார்வேயும் பின்லாந்தும் பதக்கங்களை அள்ளின. அதில் அதிசயம் இல்லை. நாம் சைக்கிள் மிதித்து வேலைக்காட்டுக்குப் போனதுபோல், அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து பனியில் சறுக்கிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள்.

அந்த விழாவில் ஒரு பதக்கம் எந்தப் போட்டியும் இல்லாமல் வழங்கப்பட்டது. அது மலையேற்றத்துக்கான பரிசு. 1922-இல் எவரெஸ்ட் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுவுக்குப் போனது. அந்தக் குழு உச்சியை எட்டவில்லை. 1922 ஜூன் 7 அன்று பனிச்சரிவு வந்து ஏழு பேரைக் கொன்றது. ஏழு பேருமே சுமைதூக்கிகள். வெள்ளைக்காரர் ஒருவர்கூட அதில் சாகவில்லை. அக்காலப் புத்தகங்களில் அந்தச் சுமைதூக்கிகளைக் 'கூலிகள்' என்றே எழுதினார்கள்.

அந்த ஏழு பேருக்கும் இறந்த பிறகு பதக்கம் உண்டு என்று அறிவித்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் 1922 குழுவில் இருந்த ஜார்ஜ் மல்லோரியின் பெயரை உலகமே சொல்கிறது. செத்துப்போன ஏழு பேரில் ஒருவர் பெயரையாவது பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களா?

'கூலி' என்ற அந்தச் சொல்லை நாம் நன்றாக அறிவோம். கங்காணி கூட்டி வந்த நம் பாட்டன் பாட்டிமார் கெடாவின் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். மலேரியாவில் செத்தார்கள். தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் வரைபடத்தில் நிற்கிறது. மரம் நட்டவர் பெயர் எங்கே நிற்கிறது? பனிமலையானாலும் ரப்பர் காடானாலும் சுமந்தவன் கணக்கில் வருகிறான், பெயரில் வருவதில்லை.

கதவைத் திறந்தால் வருகிறார்கள்

அடுத்த பல ஆண்டுகள் பனித்தளம் வசதி உள்ளவர்களின் இடமாகவே இருந்தது. அமெரிக்காவில் மேபல் ஃபேர்பேங்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1930-களில் அருமையாக ஸ்கேட்டிங் ஆடினார். நிறத்தைக் காரணம் காட்டிப் பனித்தளத்துக்குள்ளேயே விட மறுத்தார்கள், தேசியப் போட்டிகளிலும் சேர்க்கவில்லை. அவர் பின்னாளில் பயிற்றுநராகி, எல்லா நிறத்துப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தார். 1988-இல் கால்கரி நகரில் டெபி தாமஸ் வெண்கலம் வென்று, குளிர்கால ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 2002-இல் வொனெட்டா ஃபிளவர்ஸ் தங்கம் வென்றார். 2006-இல் ஷானி டேவிஸ் தனிநபர் தங்கமும் வென்றார். தடுத்த கதவு திறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. திறந்த பிறகு தங்கம் வந்தது.

வெயில் நாட்டுக்காரர்களும் வந்தார்கள். 1988-இல் பனியே விழாத ஜமைக்காவின் இளைஞர்கள் பனிவண்டிப் போட்டிக்கு வந்தார்கள். வண்டி கவிழ்ந்தது. எழுந்து நடந்தே எல்லைக்கோட்டுக்குப் போனார்கள்.

1998-இல் ஜப்பானின் நாகானோ நகருக்குக் கென்யாவின் பிலிப் போய்ட் வந்தார். 10 கிலோமீட்டர் பனிச்சறுக்கில் அவரே கடைசி, முதலில் வந்தவருக்கும் அவருக்கும் ஏறக்குறைய 20 நிமிட இடைவெளி. தங்கம் வென்ற நார்வே வீரர் பியோர்ன் டேலி, பரிசு வாங்கப் போகாமல் அவருக்காகக் காத்து நின்று கட்டிப்பிடித்தார். பின்பு போய்ட் தன் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார். இந்தக் கதையைச் சொல்லும் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு காலணி நிறுவனம் பணம் போட்டுப் போய்ட்டைப் பின்லாந்துக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது. யாரோ ஒருவர் வழிச்செலவு கொடுத்ததால்தான் அவர் அங்கே நின்றார்.

அதே நாகானோவில் இந்தியாவின் ஷிவா கேசவன், 16 வயதில், பனிப்பாதையில் படுத்தபடி சறுக்கும் லூஜ் போட்டியில் இறங்கினார். இமயமலை அடிவாரத்தில் வளர்ந்தவர், தந்தை மலையாளி, தாய் இத்தாலியர். ஊரில் பனிப்பாதை இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் பூட்டி, லாரி ஓடும் மலைச்சாலையில் பழகினார். 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக் கண்டார். 2014-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தடை செய்யப்பட்டிருந்ததால், தன் நாட்டுக் கொடியில்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட்டார். மேலே இருப்பவர்கள் செய்த தவறுக்குக் கீழே உழைத்தவர் கொடியை இழந்தார்.

நம் மூவர்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பீடோங்கிலிருந்து பார்த்தால் தெரியும் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். எவரெஸ்ட் 8,848 மீட்டர். 1997 மே 23 அன்று அந்த உச்சியில் கால் பதித்த முதல் இரண்டு மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகன்தாசும். இருவரும் தமிழர். பனியே இல்லாத நாட்டில் பிறந்தவர்கள். நாடு ஒரு திட்டம் போட்டது, பயிற்சி கொடுத்தது, அவர்கள் ஏறினார்கள். நாடெங்கும் கொண்டாடினார்கள். ஆனால் 'டத்தோ' விருது அவர்களைத் தேடி வரப் பத்தாண்டுக்கும் மேல் ஆனது. இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இந்த இரண்டு பெயரையும் கேட்டுப் பாருங்கள்.

அந்த எவரெஸ்ட் குழுவில் இன்னொரு தமிழரும் இருந்தார். இராணுவ கமாண்டோ வீரர் மூர்த்தி மணியம். 1998-இல் பயிற்சியில் நேர்ந்த விபத்தால் உடல் செயலிழந்தார். 2005 டிசம்பர் 20 அன்று இறந்தார். அவர் மதம் மாறிவிட்டார் என்று சமய இலாகா உடலைக் கோரியது. என் கணவர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி காளியம்மாள் உயர் நீதிமன்றம் போனார். அரசியலமைப்பின் 121(1A) பிரிவின்படி இது ஷரியா நீதிமன்றத்தின் விவகாரம், தலையிட முடியாது என்று டிசம்பர் 28-இல் தீர்ப்பு வந்தது. மூர்த்தி முஸ்லிமாக அடக்கம் செய்யப்பட்டார். 2010-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அந்தப் பெண்ணின் சாட்சியத்தைக் கேட்க இந்த நாட்டில் ஒரு நீதிமன்றமும் கிடைக்கவில்லை.

நாட்டுக்காகப் பனிமலைக்குப் போனவரின் கதை இப்படி முடிந்தது. நம் உரிமைப் போராட்டம் வீறுகொண்டதற்கு மூர்த்தியின் வழக்கும் ஒரு காரணம் என்பதைப் பலரும் அறிவீர்கள். பெயருக்கும் பத்திரத்துக்கும் நடக்கும் போராட்டம் இறந்த பிறகும் நம்மை விடுவதில்லை.

பேரங்காடிக்குள் பனி

மலேசியாவில் பனி எங்கே இருக்கிறது? பேரங்காடிக்குள் இருக்கிறது. ஜூலியன் யீ பழகியது சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில். கடைக்கு வந்தவர்கள் மேலே நின்று வேடிக்கை பார்க்க, கீழே அவர் பழகினார். 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டில் முதல்முறையாக ஸ்கேட்டிங், ஐஸ் ஹாக்கி எல்லாம் சேர்க்கப்பட்டன. அதுவும் டாமன்சாராவில் ஒரு பேரங்காடியில்தான் நடந்தது. அங்கே யீ தங்கம் வென்றார். பியோங்சாங்கில் அவருக்கு 25-ஆவது இடம். முதல் 24 பேரே அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அவருடன் அங்கே சென்ற ஜெஃப்ரி வெப் அமெரிக்காவில் வளர்ந்த பனிச்சறுக்கு வீரர். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அருவின் சாலேஹுடின் கலந்துகொண்டு, குளிர்கால ஒலிம்பிக்கில் முதல் மலேசியப் பெண் ஆனார்.

நம் இனத்துப் பிள்ளை ஒருத்தியும் பனியில் இருக்கிறாள். ஸ்ரீ அபிராமி சந்திரன் சின்னஞ்சிறு வயதிலேயே ஸ்கேட்டிங் ஆடிப் பத்திரிகைகளில் இடம்பிடித்தவள். அவள் படத்தைப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது. கூடவே ஒரு கணக்கும் மனத்தில் ஓடுகிறது. தளத்துக்குக் கட்டணம், பயிற்றுநருக்குச் சம்பளம், காலணி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் பெற்றோர் மடியிலிருந்து வர வேண்டும். சுங்கை பட்டாணியிலிருந்து சன்வேக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். பாடாங் செராயில் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வரும் ஒரு தாய், பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவார்?

நம் பிள்ளைகளுக்குத் திறமை போதாது என்று யாராவது சொன்னால், எஸ். சிவசங்கரியைக் காட்டுங்கள். கெடா மண்ணின் மகள். கெடாவில் ஸ்குவாஷ் தளமும் பயிற்சியும் இருந்தன, அவர் வந்தார். 2022-இல் மோசமான கார் விபத்தில் சிக்கி, மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். தளம் இருந்த இடத்தில் நம் பிள்ளை உலகத் தரத்துக்கு வந்தாள். தளம் இல்லாத இடத்தில் எத்தனை சிவசங்கரிகள் சூப்பர்மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்களோ?

பனித்தளம் கிடக்கட்டும். தோட்டத்தில் ஒரு திடல் இருந்தது. மாலையில் பந்து உதைத்தோம். தீபாவளிக்குக் கபடி ஆடினோம். தோட்டம் கைமாறி வீடமைப்பு வந்தபோது முதலில் காணாமல் போனது அந்தத் திடல்தான்.

பத்திரம் இல்லாத கால்கள்

வழக்கறிஞராக நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பன் தன் 15 வயது மகனை என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். பையன் ஓட்டக்காரன். பள்ளியில் அவனை முந்த ஆளில்லை. அடுத்த கட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது பத்திரம் கேட்டார்கள். பெற்றோர் கோயிலில் தாலி கட்டியவர்கள், திருமணத்தைப் பதியவில்லை. தாய்க்கு எந்த அடையாள ஆவணமும் இல்லை. பையனின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லாதவர்' என்றிருந்தது. தகப்பனிடம் நீல நிற அடையாளக் கார்டு இருந்தும் பயனில்லை. திருமணம் சட்டப்படி பதிவாகாவிட்டால் பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். விண்ணப்பம் போட்டோம். பதில் வருவதற்குள் ஓட வேண்டிய வயது ஓடிப்போனது. அவன் இப்போது லாரியில் சுமை ஏற்றுகிறான். நூறு ஆண்டுக்குப் பிறகும் சுமைதூக்கிதான்.

ஒலிம்பிக் விதி 41 சொல்வது எளிது: எந்த நாட்டுக்காக ஆடுகிறாரோ, அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் சிலருக்கு அந்தக் கதவு பிறந்த அன்றே சாத்தப்படுகிறது.

ஆகவே, உறவுகளே, சில வேலைகளை நாமே செய்வோம். சிலவற்றை அரசாங்கத்திடம் உரிமையோடு கேட்போம்.

தாலி கட்டியதோடு நிற்காதீர்கள். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் கட்டாயம் பதியப்பட வேண்டும். பிள்ளை பிறந்தால் உடனே பதியுங்கள். பத்திரச் சிக்கல் இருந்தால், தாமதிக்காமல் அரசியலமைப்பின் 15A பிரிவின்கீழ் விண்ணப்பியுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்ட வீடுகளில்தான் கண்ணீரைப் பார்க்கிறேன்.

தோட்டம் விற்கப்படும் செய்தி வந்தால், வீட்டுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் போராடும்போது திடலையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் திடலைப் பற்றிப் பேசுங்கள். திருவிழாச் செலவில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகை கிடையாது. வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். பயிற்றுநரும் தளமும் கிள்ளான் பள்ளத்தாக்கோடு நின்றுவிடாமல் வடக்குக்கும் வரட்டும். நாட்டுக்காக ஏறியவர்களின் பெயர் பள்ளிப் பாடத்தில் வரட்டும். 121(1A) பிரிவால் வழியில்லாமல் நிற்கும் குடும்பங்களுக்கு ஒரு நீதிமன்றம் கிடைக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை வந்து, "அம்மா, நான் ஐஸ்ல சறுக்கணும்" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். மகேந்திரனும் மோகன்தாசும் எவரெஸ்ட் ஏறப் போகிறோம் என்றபோதும் யாராவது சிரித்திருப்பார்கள்.

ஒட்டுக்கடைப் பெரியவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். ஐயா, அந்த ஐஸ்ல நமக்கு வேலை இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே அங்கே மூட்டை சுமந்து செத்திருக்கிறார்கள். நம்மவர் இருவர் அதன் உச்சியில் நின்றுவிட்டார்கள். இனி நம் பேரப்பிள்ளைகள் போகும்போது கையில் பத்திரமும், கூட நிற்க ஒரு சமுதாயமும் இருக்க வேண்டும்.

பதிவோம்! கேட்போம்! பெறுவோம்!